புதுப்பயனரை வரவேற்பதும் கட்டுரையின் தரத்தைக் காப்பதும்: பெங்களூர்த் தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், இரவு உணவை முடித்துவிட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவின் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் தொம்மலூரில் உள்ள சொக்கநாத சுவாமி கோயிலைப் பற்றி ஒரு புதுப்பயனர் ஒன்பது வரிகளில் கட்டுரை தொடங்கியிருந்தார். ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமை வாய்ந்த’, ‘கேட்ட வரம் தரும்’, ‘பக்தர்கள் அலைகடலெனத் திரளும்’ என்ற தொடர்கள் அதில் இருந்தன. மேற்கோள் ஒன்றுகூட இல்லை. கலைக்களஞ்சிய நடையில் இல்லை என்று ஒரே வரியில் காரணம் எழுதி, கட்டுரையை நீக்கக் கோரும் அறிவிப்பான நீக்கல் வார்ப்புருவை இட்டேன். மறுநாள் கட்டுரை நீக்கப்பட்டது. அந்தக் கணக்கிலிருந்து அதன் பிறகு ஒரு தொகுப்பும் (பக்கத்தில் செய்யும் மாற்றம்) வரவில்லை.

அந்த ஒன்பது வரிகளில் ஏழாவது வரி, ‘கோயில் சுவரில் தமிழில் எழுத்து வெட்டியிருக்கிறது, நானே பார்த்தேன்’ என்பது. அக்கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, போசள மன்னன் வீர இராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருப்பதும், பி. எல். ரைஸ் பதிப்பித்து 1905இல் வெளிவந்த, கர்நாடகக் கல்வெட்டுகளின் தொகுப்பான எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியில் தொம்மலூர்க் கல்வெட்டுகள் அச்சாகியிருப்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. சான்று கிடைக்கக்கூடிய, தமிழ் வாசகர்களுக்கு வேண்டிய ஒரு கட்டுரையை, அதை எழுத முன்வந்தவரோடு சேர்த்தே நான் வெளியே அனுப்பியிருந்தேன். அன்று தரத்தைக் காத்ததாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். புதியவருக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது, எழுதிய ஒவ்வொரு செய்திக்கும் சான்று தேடும் பழக்கம். அதை அருகிலிருந்து கற்றுத் தருவதிலேயே வரவேற்பும் தரக்காப்பும் ஒருசேர நடந்துவிடுகின்றன. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது. இன்று ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டது. இத்தனை பக்கங்களையும் கவனிப்புப் பட்டியலில் (தேர்ந்த பக்கங்களில் நடக்கும் மாற்றங்களைக் காட்டும் பட்டியல்) வைத்துக் காப்பவர்கள் சிலரே. ஒருவர் வேலை மாறினாலோ, வீட்டில் குழந்தை பிறந்தாலோ, அவர் பார்த்துவந்த நூற்றுக்கணக்கான பக்கங்கள் கேட்பாரற்றுப் போகின்றன. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து தொகுப்பவர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பின் சரிந்தது. ஆரோன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரை, தரத்தைக் காப்பதற்காக உருவாக்கிய கருவிகளும் விதிகளும் நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்து விரட்டியதை அதற்கு முக்கியக் காரணமாகக் காட்டியது. அவ்வளவு பேர் இருந்த இடத்திலேயே அந்த நிலை என்றால், நம்மிடம் இழப்பதற்கு ஆள் இல்லை.

பயிற்சிக்கு முன்

பெங்களூரில் தமிழ்ப் பயிற்சிக்கு வருபவர்கள் ஒரே வகையினர் அல்லர். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் பல தலைமுறைகளாக வாழும் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் நன்றாகத் தமிழ் பேசுவார்கள். ஆனால் கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ படித்ததால் தமிழ் எழுதுவதில் அவர்களுக்குத் தயக்கம் இருக்கும். ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலைக்கு வந்த இளைஞர்களுக்குக் கணினி கைவந்த கலை, தமிழும் பள்ளியில் படித்திருப்பார்கள். பத்தாண்டுகளாகப் பத்தி ஒன்றைத் தமிழில் எழுதியிருக்க மாட்டார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ‘ஆளுக்கொரு கட்டுரை தொடங்குங்கள்’ என்று சொன்னால், மாலைக்குள் இருபது மேற்கோளற்ற குறுங்கட்டுரைகள் வந்து நிற்கும். அவற்றைத் துப்புரவு செய்யும் சுமை வேறு யாருடைய தலையிலோ விழும்.

ஆகவே அழைப்பிலேயே, ‘எழுத விரும்பும் தலைப்பை முடிவு செய்துகொண்டு வாருங்கள்’ என்று எழுதுவதை நாங்கள் விட்டுவிட்டோம். ‘உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு புத்தகத்தைக் கொண்டு வாருங்கள்’ என்று கேட்கிறோம். ஊர் வரலாறு, கோயில் வரலாறு, பள்ளி ஆண்டு மலர், பழைய வார இதழ், தாவரவியல் பாடநூல் எதுவானாலும் சரி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருபவருக்கு ‘நான் என்ன எழுதுவது?’ என்ற மலைப்பு வருவதில்லை. அவர் எழுதும் முதல் வரிக்கே பக்க எண்ணோடு சான்று கிடைத்துவிடுகிறது. எல்லாப் புத்தகமும் சம மதிப்புடையது அன்று. கோயில் நிர்வாகமே வெளியிட்ட தல புராணத்தை நம்பி ஒரு கோயிலின் காலத்தைச் சொல்ல முடியாது என்பதை, அந்தப் புத்தகம் கையில் இருக்கும்போது விளக்கினால் எளிதில் புரிகிறது.

கன்னடம் படிக்கத் தெரிந்த பெங்களூர்த் தமிழரை நாம் இதுவரை சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம். தமிழ்க் கட்டுரைக்குக் கன்னட மூலத்தை மேற்கோளாகக் காட்ட எந்தத் தடையும் இல்லை. கர்நாடகத்தின் ஆறுகள், வட்டங்கள், அணைகள் பற்றிய நம் கட்டுரைகள் பல, ஆங்கிலக் கட்டுரையின் முதல் பத்தியோடு நின்றுவிட்டவை. தமிழில் நீளமாக எழுதத் தயங்கும் ஒருவர், கன்னட நாளிதழ்ச் செய்தியைப் படித்து இரண்டு வரிகளையும் ஒரு மேற்கோளையும் சேர்த்தால், அது வேறு எவராலும் எளிதில் செய்ய முடியாத பணி. அதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். தன் தமிழ் குறையுள்ளது என்று கூச்சத்தோடு வந்தவர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள்.

தொழில்நுட்ப ஏற்பாடுகள் சிலவற்றை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் உருவாக்க முடியாது. ஏழாவது ஆள் காரணம் தெரியாமல் விழிப்பார். எனவே பயனர் கணக்கை வீட்டிலேயே தொடங்கிவரச் சொல்லுங்கள், அல்லது அந்த வரம்பைத் தளர்த்தச் சில நாள்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். தமிழ்த் தட்டச்சில் தமிழ்99 சிறந்ததா ஒலிபெயர்ப்பு முறை சிறந்ததா என்ற வாதத்தை அன்று தொடங்க வேண்டாம். கைப்பேசியில் எப்படித் தட்டுகிறாரோ அப்படியே தட்டட்டும். மற்றொன்று சிறிய செய்தி போலத் தோன்றும், ஆனால் பலரை இடையில் நிறுத்திவிடும்: புதிய கணக்கிலிருந்து வெளியிணைப்பு ஒன்றைச் சேர்த்தால், ‘நீங்கள் மனிதர்தானா’ என்று சோதிக்கும் ஆங்கில எழுத்துப் புதிர் திரையில் தோன்றும். நாம் வலியுறுத்திச் சொன்னபடி மேற்கோள் சேர்த்தவருக்குத்தான் இந்தத் தடை வருகிறது என்பதால், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி அவர்கள் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். ‘இது எல்லோருக்கும் வரும், சில நாள்களில் நின்றுவிடும்’ என்று முன்பே சொல்லிவைத்தால் போதும்.

முதல் பணி

முதல் பணி புதிய கட்டுரையாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள கட்டுரையில் ஒரு வரியும் ஒரு சான்றும் சேர்ப்பதாக இருக்க வேண்டும். நாங்கள் பெரும்பாலும் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் வருபவர்கள் எல்லோருக்கும் அது தெரியும், ஒவ்வொருவருக்கும் அதைப் பற்றி ஒரு நினைவும் இருக்கும். ‘பல வருடம் மூடியே கிடந்தது’ என்று ஒருவர் சொல்வார். எத்தனை ஆண்டுகள், எந்த நாளில் திறந்தார்கள் என்று கேட்டால் அறையில் நான்கு விடைகள் வரும். அப்போது நாளிதழ்ச் செய்தியைத் தேடச் சொல்கிறோம். 1991இலிருந்து பதினெட்டு ஆண்டுகள் மூடியிருந்த சிலை 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டதும், நான்கு நாள்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டதும் அச்சில் கிடைக்கின்றன. நினைவும் சான்றும் வேறுவேறு என்பதை அவர்கள் தாங்களே கண்டுகொள்கிறார்கள். எழுதியதைச் சான்றோடு சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லும் மெய்யறிதன்மை என்ற கொள்கைப் பக்கத்தை அரை மணி நேரம் வாசித்துக் காட்டினாலும் இந்தத் தெளிவு வராது.

படம் எடுப்பதில் ஆர்வமுள்ளவர்களை ஏரிக்கரைக்கே அனுப்பலாம். பொது இடத்தில் நிலையாக நிறுவப்பட்ட சிலையைப் படமெடுத்து வெளியிட, 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. தாமே எடுத்த படம் என்றால், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றலாம். வாட்ஸ்அப்பில் வந்ததும் இணையத்தில் தேடி எடுத்ததும் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்றக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் அன்றே அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

தொகுப்பைக் கண்டதும் செய்ய வேண்டியது

பயிற்சிக்கு வராமல் தாமாகவே வந்து எழுதுபவர்கள்தாம் மிகுதி. அவர்களை நாம் முதலில் சந்திப்பது ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தில்தான். மேற்கோளற்ற பத்தியைக் கண்டவுடன், பக்கத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் ‘மீளமை’ சுட்டியை நோக்கிக் கை போவது பழகியவர்களுக்கு இயல்பு. அதற்கு முன் பக்க வரலாற்றைத் திறந்து, அவர் ஒரே தொகுப்பில் எழுதிவிட்டுப் போய்விட்டாரா, அல்லது பத்து நிமிடங்களாக ஒவ்வொரு எழுத்துப்பிழையாகத் திருத்திக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். திருத்திக்கொண்டிருப்பவர் இன்னும் எழுதி முடிக்கவில்லை. நீங்கள் நடுவில் புகுந்தால் அவருக்குத் தொகுத்தல் முரண்பாடு என்ற அறிவிப்புத் தோன்றும்; தட்டுத் தடுமாறித் தட்டிய பத்தியை எப்படி மீட்பது என்பது அவருக்குத் தெரியாது. அரை மணி நேரம் பொறுத்திருங்கள். வசைச் சொல், உயிரோடிருப்பவர் மீதான அவதூறு, அப்படியே ஒட்டப்பட்ட நாளிதழ்ச் செய்தி ஆகிய மூன்றுக்கும் இந்தப் பொறுமை வேண்டியதில்லை. அவற்றை உடனே எடுத்துவிட வேண்டும்.

பொறுத்திருந்த பின், எழுதியதில் நிலைக்கத் தக்க வரி எது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும். அதற்கு நீங்களே ஒரு சான்றைத் தேடிச் சேருங்கள், சான்று காட்ட முடியாதவற்றை எடுங்கள், எடுத்ததற்கான காரணத்தைத் தொகுப்புச் சுருக்கத்தில் முழு வாக்கியமாக எழுதுங்கள். பின்னர் அவருக்குச் செய்தி எழுதும் இடமான அவருடைய பேச்சுப் பக்கத்துக்குச் செல்லுங்கள். வரவேற்பு வார்ப்புரு அங்கே ஏற்கெனவே இருக்கலாம். அது எல்லோருக்கும் போகும் அச்சடித்த அழைப்பிதழ் போன்றது, வாசலில் நின்று பெயர் சொல்லி அழைப்பதற்கு ஈடாகாது. தொம்மலூர்க் கட்டுரையை எழுதியவருக்கு நான் அன்று எழுதியிருக்க வேண்டிய குறிப்பு இப்படி அமைந்திருக்கலாம்:

“வணக்கம். கோயில் சுவரில் தமிழ் எழுத்து இருப்பதாக நீங்கள் எழுதியதைப் படித்தேன், மதிப்புள்ள தகவல். தொம்மலூர்க் கல்வெட்டுகள் எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியில் உள்ளன. அதை மேற்கோளாகச் சேர்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்த எழுத்து அதுதானா என்று ஒருமுறை ஒப்பிட்டுச் சொல்லுங்கள். ‘கேட்ட வரம் தரும்’ என்ற தொடரை எடுத்திருக்கிறேன். அதற்குச் சான்று காட்ட வழியில்லை என்பதே காரணம். கோயில் திருவிழா பற்றி அச்சில் வந்த செய்தி ஏதேனும் உங்களிடம் இருந்தால், அதைச் சேர்க்க உதவுகிறேன்.”

இந்தக் குறிப்பில் கொள்கைப் பக்கத்துக்கு ஓர் இணைப்புகூட இல்லை. சொல்லப்பட்டிருப்பது ஒரே ஒரு விதி, அதுவும் அவருடைய சொல்லை வைத்தே சொல்லப்பட்டிருக்கிறது. அவரிடம் ஒரு வேலை கேட்கப்பட்டிருக்கிறது. புதியவரிடம் கேள்வி கேட்டு முடிக்கும் குறிப்புக்கு மறுமொழி வருகிறது என்பது என் பட்டறிவு. அறிவுரையாக முடியும் குறிப்புகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன. அவர் வயதோ பாலோ நமக்குத் தெரியாது என்பதால் ‘அண்ணா’, ‘தம்பி’, ‘சார்’ என்றெல்லாம் விளிக்காமல், பெயரையும் ‘நீங்கள்’ என்பதையும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பக்க வரலாற்றில் அவருடைய தொகுப்புக்கு அருகே உள்ள ‘நன்றி’ சுட்டியையும் அழுத்துங்கள். ஒரு நொடி வேலை, அவருக்கு அறிவிப்பாகப் போய்ச் சேரும்.

எழுத்துமுறை பற்றிய திருத்தங்களைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வேன். ‘ஜனவரி’ என்று எழுதியதைச் ‘சனவரி’ என்றும், ‘பெங்களூரு’ என்று எழுதியதைப் ‘பெங்களூர்’ என்றும் மாற்றுவது பழைய பயனர்களுக்கு வழக்கமான துப்புரவு. புதியவருக்கோ அது தம் தமிழைப் பழித்ததாகத் தோன்றுகிறது. கர்நாடக அரசு 2014 நவம்பர் 1 முதல் நகரத்தின் பெயரை ஆங்கிலத்திலும் பெங்களூரு என்று மாற்றியிருக்கும்போது, நீண்ட காலமாகத் தமிழில் வழங்கிவரும் வடிவத்தை நாம் ஏன் விடாமல் வைத்திருக்கிறோம் என்பது விளக்கத்தக்க செய்திதான். ஆனால் முதல் நாளில் விளக்க வேண்டிய செய்தி அன்று. ஈழத்து வழக்கில் ஒருவரும் தமிழ்நாட்டு வழக்கில் ஒருவரும் எழுதுவதைத் தமிழ் விக்கிப்பீடியா தொடக்கம் முதலே ஏற்றுவந்திருக்கிறது. சான்றில்லாத ஒரு வரி வாசகரை ஏமாற்றும். கிரந்த எழுத்து யாரையும் ஏமாற்றுவதில்லை. முதலாவதில் கண்டிப்பாக இருங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

கனிவு என்பது எல்லாவற்றையும் அனுமதிப்பது என்று யாரும் பொருள்கொண்டுவிடக் கூடாது. நாளிதழிலிருந்தோ வேறு தளத்திலிருந்தோ ஒட்டிய பத்தி, எழுதியவர் யாராக இருந்தாலும், அன்றே போக வேண்டும். தம் நிறுவனத்தைப் பற்றியோ தம்மைப் பற்றியோ எழுத வருபவர்கள் இந்த நகரத்தில் நிறைய. அவர்களிடம் மழுப்பாமல், உங்களோடு தொடர்பில்லாத ஒருவர் உங்களைப் பற்றி விரிவாக எழுதியது எங்கேனும் அச்சாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு தலைப்பு தனிக் கட்டுரைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் குறிப்பிடத்தக்கமை என்ற கருத்து அந்தக் கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. ஊதியம் பெற்றுத் தொகுப்பவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. சாதிப் பெருமை பேசும் கட்டுரைகளிலும் அரசியல்வாதிகள் பற்றிய கட்டுரைகளிலும் புதியவர் கை வைத்தால், சண்டை மூளும் முன்பே அவரைப் பேச்சுப் பக்கத்துக்கு அழைத்துவந்து, அங்கே சான்றுகளை அடுக்கச் சொல்லுங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று புதியவர்கள் மிகுதியும் அந்த வழியாகவே வருகிறார்கள். தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு இது புதிய சிக்கல் அன்று. கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியாக ஊதியத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட நீண்ட கட்டுரைகள் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்து குவிந்தபோது, நம் பயனர்கள் அவற்றைச் சீர்தூக்கிப் பார்த்து, குறைகளைத் தொகுத்து, 2010இல் போலந்தின் கிடான்ஸ்கில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் முன்வைத்தார்கள். அன்று எழுந்த கேள்விகள் இன்றைக்கும் பொருந்தும்: தமிழ் வாசகருக்கு இந்தத் தலைப்பு வேண்டுமா, வாக்கியம் தமிழாக இருக்கிறதா, எழுதியவர் மறுமொழி சொல்ல இருக்கிறாரா. ஒரு புதியவர் ஒரே நாளில் ஐந்து மொழிபெயர்ப்புக் கட்டுரைகளை ஏற்றினால், ஐந்தையும் நீக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்து, அதன் முதல் பத்தியைச் சத்தமாகப் படித்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். மற்ற நான்கையும், அவர் எழுதிப் பழகும் தனிப்பக்கமான மணல்தொட்டிக்கு நகர்த்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவரலாம் என்று எழுதுங்கள். சத்தமாகப் படித்தால் தமிழில்லாத வாக்கியம் நாக்கில் தடுக்கும். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

2018இல் இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கு நடந்த வேங்கைத் திட்டம் போன்ற கட்டுரைப் போட்டிகளின்போது ஆர்வம் பெருகும், சரிபார்ப்பவர்கள் திணறுவார்கள். போட்டி தொடங்கும் முன்பே, வாரத்துக்கு எத்தனை கட்டுரைகளை உங்கள் குழுவால் வரிவரியாகப் படிக்க முடியும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற அளவில் ஆள் சேருங்கள்.

முதல் மாதத்துக்குப் பின்

வரவேற்பு முதல் நாளோடு முடிந்துவிடுவது நம் பழைய குறை. பயிற்சி முடிந்த இரண்டாவது வாரத்தில், வந்தவர்களின் பங்களிப்புப் பக்கங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். எதுவும் செய்யாதவருக்கு, அவர் கொண்டுவந்த புத்தகத்தை நினைவூட்டி ஒரு வரி எழுதுங்கள். ஐயம் கேட்க ஒத்தாசைப் பக்கமும் பொது உரையாடலுக்கு ஆலமரத்தடியும் இருக்கின்றன. ஆனால் அறிமுகமில்லாதோர் கூடும் இடத்தில் முதல் கேள்வியைக் கேட்பதற்குப் பலருக்குத் துணிவு வராது என்பதால், உங்கள் பேச்சுப் பக்கத்திலேயே கேட்கலாம் என்று சொல்லிவையுங்கள்.

இருபது, முப்பது தொகுப்புகள் செய்துவிட்டவரிடம் சரிபார்க்கும் வேலையில் ஒரு பங்கைக் கொடுங்கள். ஐந்து கட்டுரைகளைக் கவனிப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி, அவற்றில் புதிதாக வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆண்டுக்கும் சான்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீக்க வேண்டாம், கேட்க வேண்டும். அல்சூரில் நண்பர் ஒருவரின் வீட்டு முன்னறையில் நடந்த பயிற்சிக்கு, ஓய்வு பெற்ற வங்கி ஊழியரான ஓர் அம்மா, தம் பள்ளியின் பழைய ஆண்டு மலரை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ‘எனக்கு ஸ்கூல்ல கன்னடம்தான், தமிழ் வீட்டுலதான் கத்துக்கிட்டேன்’ என்று இரண்டு முறை சொன்னார். அன்று அவர் சேர்த்தது ஒரு வரியும் ஒரு மேற்கோளும்தான். நான்கு மாதங்கள் கழித்து, அவர் கவனிப்புப் பட்டியலில் இருந்த ஓர் ஏரிக் கட்டுரையில், யாரோ ஒரு புதுப்பயனர் பரப்பளவை மாற்றியிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது, அந்தப் புதியவரின் பேச்சுப் பக்கத்தில் அம்மாவின் குறிப்பு எனக்கு முன்பே இருந்தது: “வணக்கம். ஏரியின் பரப்பை மாற்றியிருக்கிறீர்கள். எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள் என்று சொல்ல முடியுமா? கன்னடத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நான் படித்துச் சேர்க்கிறேன்.”